மஞ்சள் கோட்டுக் கரிப்பை

தராசு என்பது ஆலையில் அவருக்கு வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. அவர் மனைவியே தொலைபேசியில் கூப்பிட்டு, "தராசு இருக்காரா?" என்றுதான் கேட்பார்.

பெயர் வந்த காரணம் எளிது. ஒரு டம்ளர் கரியை வலது உள்ளங்கையில் கொட்டி, இரண்டு முறை மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பார். "இன்னும் ரெண்டு மாசம் ஓடும்" என்பார், அல்லது "வயிறு ரொம்பிருச்சு, மாத்தணும்" என்பார். அதே கரியை லேபுக்கு அனுப்பினால் உலர்த்தி, நிறுத்து, அமிலத்தில் போட்டு, மூன்று நாள் கழித்து ஒரு தாளில் அதையே எழுதித் தருவார்கள். ஒன்பது வருடத்தில் தாளும் கையும் ஒத்துப்போகாதது இரண்டே முறை. அந்த இரண்டு முறையும் தாள்தான் தப்பு என்று அவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அடக்கம் என்பதை அவரிடம் யாரும் எதிர்பார்த்ததில்லை.

நான் அதே ஆலையில் ஸ்டோர் கீப்பர். சாக்கு, போல்ட், கையுறை, சிவப்புச் சீட்டு எல்லாம் என் பொறுப்பு. இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதை வரவேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

எங்கள் ஆலை ஊரின் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறது. மக்கள் குப்பையில் என்னவெல்லாம் போடுவார்கள் என்பதற்கு ஒரு அளவே கிடையாது. பழைய பேட்டரி, உடைந்த குழல்விளக்கு, காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக்குழல், வர்ணம் பூசிய பலகை என்று கண்டதும் வரும். அத்தனையும் எரிந்தால் புகையில் கந்தகம் இருக்கும், பாதரசம் இருக்கும், வாயில் நுழையாத பெயருள்ள இன்னும் சில நஞ்சுகள் இருக்கும். புகைக்கு முதலில் சுண்ணாம்புக் குளியல். அதன் பிறகு சாம்பலைப் பிடிக்க வரிசையாகத் தொங்கும் துணிப்பைகள். அதிலும் சிக்காமல் தப்பித்து வருவதைப் பிடிப்பதற்குத்தான் தராசின் டவர். இருபது டன் கரி நிரம்பிய, மூன்று மாடி உயர இரும்புப் பீப்பாய். புகை கீழே நுழைந்து கரிக்குள் ஊர்ந்து மேலே வரும்போது, பிடிக்க வேண்டியதைக் கரி பிடித்துக்கொள்ளும்.

இது அடுப்புக் கரி இல்லை. நிலக்கரியை அரைத்து, பிசைந்து, பென்சில் முனை உடைந்து விழுந்ததுபோல் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, எரியவிடாமல் நீராவியில் பழுக்கச் சுட்டு எடுப்பது. அப்படிச் சுட்டால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறக்கும். ஒரு கரண்டிக் கரிக்குள் இருக்கிற துளைச் சுவர்களை எல்லாம் விரித்துப் போட்டால் ஒரு பந்தாட்ட மைதானம் வரும் என்பது தராசு யாரைப் பார்த்தாலும் சொல்கிற முதல் வாக்கியம். கேட்டவர் நம்பாமல் சிரித்தால் அவருக்குக் கோபம் வரும். நம்பித் தலையாட்டினால் அரை மணி நேரம் தொடர்ந்து சொல்வார். எனவே நாங்கள் எல்லோரும் நம்பாமல் சிரிக்கப் பழகிக்கொண்டோம்.

வருடத்துக்கு ஒரு முறை கரியை மாற்றுவார்கள். பழையதைக் கீழே இறக்கி, மூடி போட்ட டிரம்களில் அடைத்து, நஞ்சுக் கழிவாக வெளியே அனுப்பிவிடுவார்கள். புதியது வெள்ளைச் சாக்குகளில் வரும். டவரின் உச்சிக்குச் சாக்கை ஏற்றி, கத்தியால் கீறி, வாய்க்குள் கொட்டுவார்கள். அப்போது மேல்தளத்தில் சிந்துகிற கரி மேல்தளத்து ஆட்களுக்கு என்பது எழுதாத வழக்கம். மற்ற ஆட்களுக்கு அது வேண்டாத குப்பை. தராசு மட்டும் அதை மெனக்கெட்டுப் பெருக்கி, ஒரு துணிப்பையில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோவார்.

அவர் மனைவி தையல்காரி. ஜன்னல் திரையும் சீருடையும் தைப்பவர். வெட்டி மிஞ்சிய துணியில் உள்ளங்கை அளவுக்குப் பைகள் தைப்பார், ஒவ்வொன்றிலும் சரியாக ஒரு டம்ளர் கரி, வாயை இரட்டைத் தையல் போட்டு மூடிவிடுவார். ஊரில் கல்யாணமா, குழந்தையா, புது வீடா, புருஷனும் பெண்டாட்டியும் கரிப்பையோடு வந்து நிற்பார்கள். செருப்பு அலமாரியில் வையுங்கள், ஃபிரிட்ஜில் வையுங்கள், நாற்றம் என்கிற பேச்சுக்கே இடமில்லை என்பார் தராசு. என் மகள் கல்யாணத்துக்குச் சுவர்க்கடிகாரம் மட்டும் ஏழு வந்தது. ஏழும் நின்றுவிட்டன. தராசு கொடுத்த பை இன்னும் என் செருப்பு அலமாரியில் உழைத்துக்கொண்டிருக்கிறது.

கூடவே ஒரு உபதேசமும் உண்டு. கரி வாங்கினதை எல்லாம் உள்ளேயே வைத்திருக்கும், மாதம் ஒரு முறை அதற்குச் சூடு காட்டினால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புதுசாகிவிடும். வெயிலில் போடலாம், வெறும் வாணலியில் இரண்டு நிமிடம் புரட்டலாம். மறக்காமல் இருக்க ஒன்றாம் தேதி செய்யுங்கள் என்று சொல்லிவைத்திருந்தார். எங்கள் ஊரில் ஒன்றாம் தேதி காலையில் பல வீட்டு ஜன்னல்களில் சின்னச் சின்னப் பூப்போட்ட பைகள் வெயில் காயும். அந்தப் பக்கம் போகும்போது தராசின் நடை கொஞ்சம் மாறும்.

வருடம் தவறாமல் ஒரு பை அவருடைய அக்காவுக்கும் போகும். ஆனால் அதைக் கொண்டுபோவது அவர் இல்லை, மனைவி. அக்காவும் தம்பியும் பேசி ஒன்பது வருடம் ஆகிறது.

அந்தக் கதை இதுதான். ஆலை கட்டின முதல் இரண்டு வருடம் டவர் கிடையாது. சுண்ணாம்பும் துணிப்பையும் தாண்டி வந்த புகை நேராகப் புகைப்போக்கி வழியே போனது. காற்று பெரும்பாலும் அடிக்கிற பக்கத்தில் அக்கா வீட்டுத் தெரு இருந்தது. அக்கா வீட்டுக்காரருக்கு முன்பே மூச்சுக் கோளாறு. அது முற்றி ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். புகையில் என்ன இருக்கிறது என்று கேட்டு அக்கா ஆலைக்கு நான்கு கடிதம் எழுதினார். நான்குக்கும் ஒரே பதில் வந்தது: எல்லாம் அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது. கடைசியில் தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உள்ளே வேலை பார்க்கிறவன் நீ, நீ சொல்லு என்று கேட்டார். தராசு அப்போது சாம்பல் பிரிவில் இருந்தார். அவரும், "அளவுக்குள்ளதான் இருக்கு" என்றார். அக்கா எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்தார். அன்றைக்கு நின்ற பேச்சு அப்படியே நின்றது. அடுத்த வருடமே டவர் வந்தது, தராசு தானாகக் கேட்டு அதற்கு மாறிக்கொண்டார். முதல் கரிப்பை போனதும் அந்த வருடம்தான். அக்கா கை நீட்டி வாங்கிக்கொள்வார், நல்லது என்றும் சொல்ல மாட்டார், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார். அதை என்ன செய்கிறார் என்பது யாருக்கும் தெரியாது.

இனி என் பங்கு.

இந்த வருடம் கரி மாற்றும் வாரத்தில் டிரம் போதவில்லை. கடைசியாக இறக்கின கொஞ்சம் பழைய கரி தரையில் கிடந்தது. நாளைக்கு டிரம் வந்துவிடும், இன்றைக்கு மட்டும் எதிலாவது கட்டி வை என்றார்கள். நான் காலியான வெள்ளைச் சாக்குகள் பன்னிரண்டைக் கொடுத்தேன். பழையது என்று தெரிவதற்குச் சாக்குக்கு ஒன்றாகச் சிவப்புச் சீட்டு கட்ட வேண்டும். என்னிடம் பதினொன்றுதான் இருந்தது. ஒன்றுதானே, அதுவும் பாதிச் சாக்கு, தனியாக வைத்தால் ஆயிற்று என்று நான் நினைத்தேன். கீழே இருந்தவர்கள் அதைத் தனியாகத்தான் வைத்தார்கள். படிக்கட்டுக்குப் பக்கத்தில், மேலே போகவேண்டிய புதிய சாக்குகளுக்கு நாலடி தள்ளி.

இந்த வருடம் பார்த்து மேல்தளத்தில் புதிதாக ஒரு தகரச் சரிவு வைத்திருந்தார்கள், சிந்தல் என்று ஒரு பிடிகூடத் தேறவில்லை. தராசு வெறுங்கையோடு இறங்கி வந்தார். படிக்கட்டருகே சீட்டில்லாத வெள்ளைச் சாக்கு, பாதி நிரம்பியது. மிஞ்சின புதுக் கரி என்று நினைத்து அதிலிருந்து அள்ளிக்கொண்டார். புதியதும் கறுப்பு, பழையதும் கறுப்பு. கண்ணுக்கு ஒன்றுதான். கைக்குத்தான் வித்தியாசம். ஆனால் அவர் தகர முறத்தால் அள்ளினார், கையால் அள்ளவில்லை.

வீட்டில் பை நிரப்பும்போது மனைவி சொல்லியிருக்கிறார், இந்தத் தடவை என்ன இவ்வளவு கனமாக இருக்கிறது என்று. மழை ஈரம் குடித்திருக்கும் என்றிருக்கிறார் தராசு, செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல். ஊரிலுள்ள கரிக்கெல்லாம் எடை பார்த்த மனிதர் தன் வீட்டு மேசையில் இருந்ததைத் தொட்டுப் பார்க்கவில்லை. இருபத்து மூன்று பைகள் தைத்தாயிற்று. ஒரு வாரத்தில் இருபத்து மூன்றும் ஊருக்குள் போய்விட்டன.

அதில் ஒன்று எங்கள் லேபை நடத்துகிற அம்மாளுக்குப் போனது. அவருடைய தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது, துணிப்பெட்டியில் வைக்கக் கொடுத்தது. லேப் அம்மாளுக்கு எதையும் சோதிக்காமல் வைக்கத் தெரியாது. மாப்பிள்ளையைக்கூட அப்படித்தான் பார்த்து எடுத்தார் என்று ஆலையில் ஒரு கேலி உண்டு. தையலில் ஒரு ஓரத்தைப் பிரித்து ஒரு சிட்டிகை எடுத்துப் பார்த்திருக்கிறார். இருபத்தேழாம் தேதி காலையில் ஒரு கையில் தாளும் ஒரு கையில் பையுமாக டவருக்கு வந்தார். நான் அங்கே கையுறை கொடுக்கப் போயிருந்தேன்.

தராசு தாளைப் பார்க்கவே இல்லை. பையை வாங்கி வலது கையில் ஒரு முறை தூக்கினார், இரண்டாம் முறை தூக்கவில்லை. பக்கத்தில் இருந்த இரும்புப் படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நான் என்ன செய்தேன் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

லேப் அம்மா பதறவில்லை. அலமாரியில் குளிர்ச்சியாக இருக்கிறவரை கரி பிடித்ததை விடாது, இந்த மூன்று வாரத்தில் யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்றார். பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "சூடு பட்டாத்தாண்ணே பாதரசம் வெளிய வரும்."

தராசு சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒன்றாம் தேதிக்கு நான்கு நாள் இருந்தது.

மேனேஜர் நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு ஆலைக்குப் பிறகுதான் மற்றது. காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிட வேண்டும் என்றார். பழைய பையின் காலம் முடிந்துவிட்டது, மாற்றிப் புதுப் பை தருகிறோம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிடலாம், ஊரைக் கலவரப்படுத்த வேண்டாம், முதல் வேலையாக முத்திரை உடைக்காத புதுச் சாக்கிலிருந்து இருபத்து மூன்று பை தயார் செய்யுங்கள். துணைக்கு என்னையும் அனுப்பினார். தராசு உணர்ச்சிவசப்பட்டு எதையாவது உளறாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டான்.

யாருக்கு எந்தப் பை போனது என்று எழுதி வைத்தவர் யாரும் இல்லை. தராசின் மனைவிதான் துணியை வைத்துச் சொன்னார். பச்சைக் கட்டம் தபால்காரர் வீடு. நீலப்பூ பல் மருத்துவரிடம் உதவிக்கு நிற்கிற பெண். சீருடைச் சாம்பல் நிறம் மூன்று, மூன்றும் ஒரே மாடியில். சலூன்காரருக்குச் சிவப்புப் புள்ளி. நாத்தனாருக்கு மஞ்சள் கோடு. ஒரு துணுக்குத் துணியைக்கூட அந்த அம்மாள் மறக்கவில்லை. கனமாக இருக்கிறது என்று தான் முன்பே சொன்னதை அவர் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை, அதைத்தான் தராசால் தாங்க முடியவில்லை.

முதல் வீடு தபால்காரர் வீடு. தராசு மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார், காலம் முடிந்தது, மாற்றித் தருகிறோம் என்று. தபால்காரரின் மனைவி சிரித்தார். காலம் முடிந்தால் என்ன, ஒன்றாம் தேதி வாணலியில் புரட்டினால் புதுசாகிவிடும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், இரண்டையும் வைத்துக்கொள்கிறேன் என்று புதுப் பையையும் வாங்கி உள்ளே வைக்கப் போனார். தராசு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"அம்மா, கொஞ்சம் நில்லுங்க. அதுல இருக்கறது பழைய கரி. நான் தப்பா அள்ளிட்டேன். நஞ்சு குடிச்ச கரி. அதைச் சூடு பண்ணவே கூடாது."

அந்த அம்மாள் கையிலிருந்த பையைக் கீழே போட்டார். பிறகு சமையல் இடுக்கியால் எடுத்து ஒரு தகர டப்பாவில் போட்டுக் கொடுத்தார். புதுப் பையையும் சேர்த்துத்தான்.

அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் அதே வார்த்தைகள்தான். நான் தப்பாக அள்ளிவிட்டேன். நான் தடுக்கவில்லை. சாக்கும் சீட்டும் என்னுடையவை என்று எந்த வீட்டிலும் நான் வாயைத் திறக்கவும் இல்லை. இதை இப்போது எழுதுகிறபோது சொல்வது சுலபம். அன்றைக்கு இருபது வாசலில் வாய்ப்பு இருந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. இரண்டாம் நாள் நாங்கள் போகுமுன்பே செய்தி போயிருந்தது. சிலர் பையைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிற பெண் தேநீர் கொடுத்தார். சாம்பல் நிறப் பைகள் போன மாடியில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர், இத்தனை வருடமாக எங்களுக்கு மைதானக் கதை சொன்னவன் நீதானா என்று மட்டும் கேட்டார். தராசு, ஆமாம், நான்தான் என்றார். இன்னொருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். அதற்கும் ஆமாம் என்றார். பெரும்பாலானவர்கள் புதுப் பையை வாங்கவில்லை. என்னிடம் தனியாக ஒரு டப்பாவில் அவை அப்படியே இருந்தன.

பயம் காட்டியது சலூன்தான். சிவப்புப் புள்ளிப் பை எங்கே என்று கேட்டதற்குச் சலூன்காரர் ஒரு பெட்டியைத் திறந்தார். முகம் துடைக்கிற துண்டுகளைச் சூடாக வைத்திருக்கும் மின்பெட்டி. துண்டு வாடை போக அதற்குள் போட்டிருந்தார். நல்லவேளை, போட்டது முந்தின நாள்தான். தராசு பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார், ஜன்னல்களைத் திறந்தார், நாற்காலியில் பாதி முகச்சவரத்தில் இருந்தவரைக்கூடக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார். லேப் அம்மா வந்து காற்றை அளந்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். சலூன்காரருக்கு ரத்தம் சோதித்ததில் எதுவும் இல்லை என்று பத்து நாள் கழித்துத் தெரிந்தது. அந்தப் பத்து நாளும் தராசு அந்தச் சலூன் வாசலில் போய் நின்றுவிட்டு வந்தார். முடி வெட்டுவதற்கு அவர் தலையில் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் மாலைக்குள் இருபத்திரண்டு பைகள் வந்துவிட்டன. மாதத்தின் கடைசி நாள் பிற்பகல் அந்த ஒன்றுதான் பாக்கி. மனைவி தானே போய் வாங்கி வருகிறேன் என்றாராம். வருடா வருடம் போகிறவள், கையை நீட்டினால் கொடுத்துவிடுவார், நீங்கள் போனால் கதவுகூடத் திறக்காது என்றாராம். தராசு வேண்டாம் என்றுவிட்டார். எதற்கு என்று சொல்லவில்லை. ஒருவேளை அதுவரை இருபத்தொரு வாசலில் சொன்னதை அந்த ஒரு வாசலில் மட்டும் ஆள் வைத்துச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்திருக்கலாம்.

அக்கா இருப்பது ஒரு மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை. தராசு ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்கினார். டவரில் ஒரு நாளைக்கு எட்டு முறை ஏறி இறங்குகிறவர். மணியை அழுத்திவிட்டு ஒரு படி கீழே இறங்கி நின்றுகொண்டார்.

அக்கா கதவைத் திறந்தார். ஒல்லியான, நிமிர்ந்த உடம்பு. கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவைச் சாத்தவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

தராசு அந்தப் படியில் நின்றபடியே சொன்னார், மஞ்சள் கோடு போட்ட பை, தப்பாக அள்ளியது, நஞ்சு இருக்கிறது, சூடு படக்கூடாது, நாளைக்கு ஒன்றாம் தேதி. இருபத்தொரு முறை சொல்லிப் பழகின வார்த்தைகள் இங்கே ஒவ்வொன்றாகத்தான் வந்தன. அக்கா உள்ளே போனார். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு வந்தார். மூடியைத் திறந்தார். அதில் ஒன்பது பைகள் அடுக்காக இருந்தன, ஒன்றின் தையலும் நைந்திருக்கவில்லை. ஒன்பது வருடத்துப் பைகளையும் ஒரு நாளும் எடுத்து எங்கேயும் வைத்ததில்லை, தூக்கி எறிந்ததும் இல்லை.

மஞ்சள் கோடு மேலேயே இருந்தது. தராசு அதை எடுத்து, பழைய பைகளை வாங்கிப்போடும் டப்பாவில் போட்டார். இருபத்து மூன்று ஆயிற்று. வந்த காரியம் முடிந்தது, போய்விடலாம் என்று எனக்கு இருந்தது.

அக்கா கேட்டார். "என்ன நஞ்சு?"

"பாதரசம். கந்தகம். இன்னும் ரெண்டு மூணு இருக்கு."

"எங்கேருந்து?"

"குப்பை எரியற புகையிலேருந்து. டவர்ல கரி அதைப் புடிச்சு வைக்கும்."

அக்கா டின்னைப் பார்த்தபடியே கேட்டார். "டவர் இல்லாத ரெண்டு வருஷம் அதெல்லாம் எங்க போச்சு?"

மேனேஜர் என்னை அனுப்பியது இந்த மாதிரி ஒரு இடத்துக்காகத்தான். அளவுக்குள் இருந்தது என்கிற வாக்கியம் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. தராசு எனக்கு இடம் கொடுக்கவில்லை.

"வெளிய போச்சு. காத்து இந்தப் பக்கம்."

"அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

கீழ்த் தளத்தில் யாரோ கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள். அந்தக் காலடிச் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. தராசின் கண் நிரம்பிவிட்டது, துடைக்கவில்லை. அக்காவின் கண்ணில் ஒன்றும் இல்லை. அவருக்கு அது எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும்.

"அத்தான் அதனாலதான் போனாருன்னு நான் ஒரு நாளும் சொல்லல," என்றார் அக்கா. "டாக்டரே சொல்லல, நான் எப்படிச் சொல்றது. உன்கிட்ட ஒண்ணு கேட்டேன். தெரிஞ்சதைச் சொல்லுன்னு கேட்டேன். நீ அவங்க கடுதாசியைப் படிச்சுக் காட்டினே."

தராசு தலையாட்டினார்.

அக்கா டின்னில் மிச்சமிருந்த பைகளைக் காட்டினார். "மத்தது எட்டும் நல்லதா?"

வேறு எந்த நாளாக இருந்தாலும் தராசு கையை நீட்டியிருப்பார். எட்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, எட்டுக்கும் தீர்ப்பு சொல்லி, கூடவே மைதானத்தையும் விரித்திருப்பார். அன்று கை நீளவில்லை.

"நல்லதாத்தான் இருக்கணும். ஆனா தெரியாதுக்கா."

"கையில தூக்கிப் பார்த்தே சொல்லிருவேன்னு ஊரெல்லாம் பேச்சு."

"என் வீட்டு மேசையில இருந்ததையே அந்தக் கை தொட்டுப் பார்க்கல, இப்ப வீடு வீடா அலையறேன். லேப்ல குடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

அக்கா டின்னின் மூடியைப் போட்டு அழுத்தினார். ஒரு மூலை சரியாக உட்காரவில்லை, உள்ளங்கையால் தட்டி உட்காரவைத்தார். டின்னைத் தம்பியிடம் நீட்டினார்.

"எட்டு இருக்கு. பார்த்துட்டு, என்ன வந்தாலும் வந்ததை வந்தபடி சொல்லு. நல்லதா இருந்தா திருப்பிக் குடு, வச்சுக்கறேன். உன் பொண்டாட்டிகிட்ட குடுத்தனுப்பாதே. நீயே கொண்டு வா."

தராசு டின்னை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அக்கா கதவை மெதுவாகத்தான் சாத்தினார். நாங்கள் மூன்று மாடியும் இறங்கித் தெருவுக்கு வந்தோம். சாதாரண ஒரு பிற்பகல், காற்று அந்தப் பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தது. வழியில் அவர் டின்னை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குக்கூட மாற்றவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று, எட்டுப் பை என்ன கனம் இருக்கும் அண்ணே என்று கேட்டேன்.

"தெரியல," என்றார் தராசு. "நாளைக்கு லேப்ல கேட்போம்."